வரம்பு கட்டுவோர் யார்?

கிருட்டிணகிரி மண்டியிலே மாம்பழம் ஏலம் போகும். வாரச் சந்தையிலே மாடு விலை போகும். மாம்பழம் பேசாது. மாடு மறுக்காது. மனிதன் ஏலம் போகிறான் என்றால்? அதுவும் வண்ண விளக்குகளின் வெளிச்சத்தில், கைதட்டலுக்கும் களிப்புக்கும் நடுவே, கோடிகளைக் கூவிக் கூவி ஏலம் போகிறான் என்றால்? கேட்டதும் சிரிப்பு வருகிறது. சிந்தித்தாலோ சிக்கலான கேள்வியொன்று எழுகிறது. அந்தக் கேள்வியைத்தான் தோழர்கள் முன் வைக்கிறேன்.

சடுகுடு நம் மண்ணின் ஆட்டம். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். மூச்சும் முழங்காலும் போதும். காசில்லாதவன் ஆடிய அந்த ஆட்டம், 2014ஆம் ஆண்டில் புரோ கபடி லீக் என்ற பெயரோடு பட்டாடை உடுத்திக்கொண்டது. முதல் ஆண்டின் ஏலத்தில் மிக உயர்ந்த விலை 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அந்த விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ஒரே வீரருக்காக 2 கோடியே 26 இலட்சம் கொடுத்தது. அவர் யார்? நம் ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெங்களூரின் அணிக்காகப் பாடிச் சென்று, 2019 சனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 22 புள்ளிகள் குவித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர்.

இங்கேதான் வரம்பு குறுக்கே வருகிறது. அந்த ஆண்டு ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவிடக் கூடிய பணம் 4 கோடியே 40 இலட்சம்தான். அதற்கு மேல் ஒரு காசும் கூடாது. அணியின் உரிமையாளர் ஆயிரம் கோடிக்கு அதிபதியாக இருக்கலாம். பணப்பெட்டியின் அளவு பன்னிரண்டு அணிகளுக்கும் ஒன்றே. பாதிக்கு மேற்பட்ட பணத்தை ஒருவர் மேல் வைத்தது தலைவாஸ். விளைவு? முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்கால் காயப்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அணி அழிந்தது என்றார்கள். அழியவில்லை! இளைஞர் நிரலில் எடுக்கப்பட்ட நரேந்தர் என்ற புதியவர் இருநூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள் குவித்தார். தன் வரலாற்றில் முதன்முறையாக அந்த அணி அரையிறுதியை எட்டிப் பார்த்தது. விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதைவிட எளிய பாடத்தை நான் என் வகுப்பில் நடத்தியதில்லை.

சரி, இந்த வரம்பு நீதியா, அநீதியா? உழைப்பவன் பெறும் ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டுவது கொடுமை அல்லவா என்று நண்பர்கள் சீறுகிறார்கள். சீற்றத்தைச் சற்றே அடக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் பார்ப்போம்.

வரம்பே இல்லையென்றால் என்ன நடக்கும்? பணம் படைத்த அணி பத்து வல்லவர்களை வாங்கும். அவர்களில் மூவரை மேடையில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கும். ஏழை அணியோ ஆண்டுதோறும் தோற்பதற்கென்றே களம் புகும். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஆட்டம், ஆட்டமா? அது தலைவிதி! தலைவிதியை மறுப்பவர்கள் நாம். அதைத் தகர்க்கும் விதியை மட்டும் எப்படி வெறுக்க முடியும்?

இந்த எண்ணத்தை மிகத் தெளிவான சட்டமாக்கிய நாடு ஆத்திரேலியா. அங்கே நீள்வட்டத் திடலில், நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு, அந்நாட்டுக்கே உரிய விதிகளின்படி ஒரு கால்பந்தாட்டம் ஆடுகிறார்கள். 1930லேயே ஒரு வீரருக்கு ஓர் ஆட்டத்துக்கு 3 பவுனுக்கு மேல் தரக்கூடாது என்று விதி செய்தவர்கள் அவர்கள். 1985இல் சங்கம் ஒவ்வொன்றின் மொத்த ஊதியத்துக்கும் வரம்பு கட்டினார்கள். 1986இல் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை முறை வகுத்தார்கள். அந்த வரிசை எப்படிப்பட்டது தெரியுமா? சென்ற ஆண்டு கடைசியாக வந்த சங்கம் முதலில் தேர்ந்தெடுக்கும். கோப்பை வென்ற சங்கம் கடைசியில் தேர்ந்தெடுக்கும். ஆம், கடைசியில் நின்றவனுக்கு முதல் உரிமை!

இதைக் கேட்டதும் நம் நாட்டுத் தகுதி–திறமைக்காரர்கள் என்ன சொல்வார்கள்? தோற்றவனுக்குப் பரிசா, வென்றவனுக்குத் தண்டனையா என்பார்கள். ஆத்திரேலியர்கள் அப்படிக் கேட்கவில்லை. போட்டி தொடர வேண்டுமானால் தொடங்கும் கோடு சமமாக இருக்க வேண்டும் என்று உணர்ந்தார்கள். புள்ளிப் பட்டியலில் யாருக்கும் ஒரு புள்ளியும் தானமாகத் தரவில்லை. களத்தில் இறங்கிய பிறகு எல்லோருக்கும் ஒரே விதி; களத்துக்கு வரும் வழியில் மட்டுமே கை கொடுக்கும் விதி. கல்விக்கூடத்தில் இடஒதுக்கீடு செய்கிற வேலையும் அதுதானே? தேர்வுத்தாளை எவரும் யாருக்காகவும் திருத்திக் கொடுப்பதில்லை, வாயிற்கதவைத்தான் திறந்துவிடுகிறார்கள்.

குறையே இல்லையா? உண்டு. கைகொடுக்கும் விதியைக் கண்டதும் கைநீட்டும் கபடமும் பிறக்கும். 2009ஆம் ஆண்டில் முதல் தேர்வு கிடைக்கும் என்ற ஆசையில் மெல்போர்ன் சங்கம் வெல்வதற்கு முழு முயற்சி செய்யவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. விசாரணை நடந்தது. வேண்டுமென்றே தோற்றதாக முடிவு செய்யப்படவில்லை. ஆனாலும் 2013இல் 5 இலட்சம் டாலர் தண்டம் விதித்தார்கள். அதற்கு முன்பே, 2002இல், வரம்பை மீறி மறைவாகப் பணம் கொடுத்த கார்ல்டன் சங்கத்துக்கு 9 இலட்சத்து 30 ஆயிரம் டாலர் தண்டமும், தேர்வு உரிமை இழப்பும் கிடைத்தன. களவு நடந்தது என்பதற்காகக் கதவையே பெயர்த்தெறியவில்லை, காவலைக் கூட்டினார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அது நமக்குப் பழகிய குறை. தந்தை ஒரு சங்கத்துக்காக 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால், மகனைப் பெறுவதில் அதே சங்கத்துக்கு முன்னுரிமை! 1949இல் நுழைந்த விதி இது. அப்பன் தொழிலை மகன் செய்யட்டும் என்ற கல்வித் திட்டத்தை 1953இல் கண்டு, 1954இல் அது கைவிடப்பட்டதையும் கண்ட நாட்டவர் நாம். இந்த விதியைப் படித்தால் புன்னகைக்காமல் இருக்க முடியுமா? பிறப்புக்குச் சலுகை தரும் ஆசை கடல் கடந்தும் வாழ்கிறது. ஆனால் அவர்களே அந்தச் சலுகைக்கு விலை வைத்துவிட்டார்கள்: வேறொரு சங்கம் அந்த மகனைக் கேட்டால், அதற்கு ஈடாகத் தன் தேர்வு உரிமைகளைக் கொடுத்துத்தான் தந்தையின் சங்கம் அவனைப் பெற முடியும்.

இதுவரை வரம்பின் பக்கம் நின்று வாதாடினேன். இப்போது வரம்பையே கூண்டில் ஏற்றுகிறேன்.

யாருக்கும் யாருக்கும் இடையே சமத்துவம்? சங்கத்துக்கும் சங்கத்துக்கும் இடையே! முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையே! நடுவே நிற்கிறானே ஆடுகிறவன், அவனை யாராவது கேட்டார்களா? எந்த ஊரில் வாழ விரும்புகிறாய், எந்த அணியில் ஆட விரும்புகிறாய் என்ற கேள்வி அவனிடம் வரவில்லை. பதினெட்டு வயது இளைஞன், தன்னைத் தேர்ந்தெடுத்த சங்கம் நாட்டின் மறுகோடியில் இருந்தாலும் பெட்டி கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் கர்ட் ஃபிளட் என்ற கருப்பின பேசுபால் வீரர் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் செயின்ட் லூயிஸ் அணிக்கு உழைத்தவரை 1969இல், அவரைக் கேளாமலே, பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். நான் சரக்கா, மனிதனா என்று அவர் எதிர்த்து நின்றார். வழக்கு மன்றம் ஏறினார். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. வாழ்வின் சிறந்த ஆட்ட ஆண்டுகளை இழந்தார். ஆனால் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. சில ஆண்டுகளுக்குள் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையை அவருடைய தோழர்கள் வென்றெடுத்தார்கள். நல்ல ஊதியம் வாங்கியவர் ஏன் போராடினார் என்று கேட்போர் இன்றும் உண்டு. தங்கக் கூண்டும் கூண்டுதான் என்பது அவர்களுக்கு எப்போது விளங்குமோ!

ஏலத்தால் ஏழை உயரவில்லையா என்று கேட்கலாம். உயர்ந்தான், மறுக்கவில்லை. சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த நடராசன், 2017இல் கிரிக்கெட் ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையில் நுழைந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணியால் எடுக்கப்பட்டார். நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒருவன் உயர்ந்ததைக் காட்டி, விதியை வகுத்தவர் யார் என்ற கேள்வியை மறைக்கக் கூடாது.

அந்தக் கேள்விக்கு ஆத்திரேலியாவிலேயே ஒரு விடையும் இருக்கிறது. அங்கே ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. அது மேசையில் எதிரே உட்கார்ந்து பேரம் பேசுகிறது. 2012இல், நீண்ட காலம் ஒரே சங்கத்துக்கு உழைத்தவர் விரும்பிய சங்கத்துக்குச் செல்லும் வழி திறந்தது. 2023இல் ஆண், பெண் ஆட்டக்காரர் இருபாலார்க்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் எழுதப்பட்டது. வரம்பு அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வரம்பில் ஆடுகிறவன் கையெழுத்தும் இருக்கிறது. இங்கேயோ? 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட்டர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடி முடித்தவனுக்குச் சங்கம் உண்டு. ஆடிக்கொண்டிருப்பவனுக்கு ஏலம் உண்டு!

தோழர்களே, இது திடலோடு முடியும் சேதி அல்ல. ஓசூர் சிப்காட்டின் சாலைகளில் விடியற்காலையில் நின்று பாருங்கள். வேலைக்குச் செல்லும் பேருந்துகளிலே ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே உழைப்பு. ஒருவன் நிரந்தரத் தொழிலாளி. அவன் ஊதியத்தைச் சங்கம் பேசி முடிக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவன் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் ஊதியத்தை யாரோ பேசி முடித்துவிடுகிறார்கள். சிலர் எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் செல்கிறார்கள். அங்கேயும் கூலியைக் குறித்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அரசு குறைந்தபட்சக் கூலி என்று தரையைப் போடுகிறது. கூரையை மட்டும் யாரோ தாழ்த்திக்கொண்டே இருக்கிறார்கள். மாலையில் அதே இளைஞர்கள் ஊர்த்திடலில் சடுகுடு ஆடுகிறார்கள். ஏலம் என்றாவது தம் பெயரைக் கூவும் என்று கனவு காண்கிறார்கள். காலையில் பெயரில்லாத உழைப்பு. மாலையில் விலையில்லாத கனவு!

ஆகவே எந்த வரம்பைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வரம்பு எவரைக் கட்டுகிறதோ, அவர் இதை வகுத்த மேசையில் உட்கார்ந்தாரா? கீழே இருப்பவன் கூலியைக் கட்டுகிற கயிறு, மேலே இருப்பவன் இலாபத்தையும் கட்டுகிறதா? பிடிக்காவிட்டால் வெளியேறக் கதவு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், அந்த வரம்பு வயலுக்கு இட்ட வரப்பு, பயிர் காக்கும். இல்லை என்று விடை வந்தால், அது காலுக்கு இட்ட விலங்கு. அதற்குப் பொன்முலாம் பூசினாலும் விலங்குதான்.

சடுகுடுவில் ஒரு விதி உண்டு: மூச்சை விடாமல் பாடிக்கொண்டே எதிரியின் எல்லைக்குள் செல்ல வேண்டும்; பாட்டு நின்றால் ஆள் வெளியே. உழைக்கும் இளைஞனுக்கும் அதுவே விதி. குரல் நிற்கக் கூடாது. வரம்பு கட்டும் மேசைவரை அந்தக் குரல் சென்று சேர வேண்டும்.