கடல் கடந்த தொண்டும் கைப்பொருட் கொடையும்

 

அருகப் பெருமானின் திருவடிகளை மன மொழி மெய்களால் வணங்கி, தானம் என்னும் பொருள் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

நந்தீஸ்வர பூசை நாட்களில் ஒருநாள், வழிபாடு முடிந்து அனைவரும் அமர்ந்திருந்தபோது, வலங்கைமானைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி நன்கொடைக் குறிப்பேடு ஒன்றுடன் வந்தாள். வெளிநாட்டில் உள்ள அனாதை இல்லம் ஒன்றில் சில வாரங்கள் தொண்டு செய்ய விரும்புவதாகவும், விமானக் கட்டணத்திற்கும் ஏற்பாட்டாளர்க்குச் செலுத்தும் தொகைக்கும் பொருள் வேண்டும் என்றும் பணிவுடன் கூறினாள். சிலர் மகிழ்ந்து கொடுத்தனர். பெரியவர் ஒருவர் மட்டும், "குழந்தாய், நம்மூர் வாய்க்காலோரத்துப் பள்ளியிலேயே பணி நிரம்பக் கிடக்கிறதே! கடல் கடப்பானேன்? திக்விரதம் ஏற்கும் குலத்தில் பிறந்தவளாயிற்றே!" என்றார். அவளால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை காண்பது நம் கடமையுமாகும்.

குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று இல்லறத்தான் தானே எல்லை வகுத்துக் கொள்வது அது. அதன் நோக்கம் யாது? எல்லையற்றுப் பெருகும் ஆசையையும், அதனால் விளையும் உயிர்க்கேட்டையும் குறுக்குவதே. ஆதலின், எவ்வளவு தூரம் செல்கிறோம் என்பதோடு எதனைக் கருதிச் செல்கிறோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். விரதம் ஏற்றவர் தாம் வகுத்த எல்லையைக் காத்தே ஆக வேண்டும். ஏற்காதவரோ புறப்படுமுன் தம் உள்ளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

1893 ஆம் ஆண்டு சிகாகோ நகரில் சர்வசமயப் பேரவை கூடியபோது, ஜைன சமயத்தின் சார்பில் கடல் கடந்து சென்றவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. முதலில் அழைக்கப் பெற்றவர் ஆத்மாராம்ஜி ஆச்சாரியார். துறவொழுக்கத்தின் பொருட்டு அவர் செல்லவில்லை. தம் சார்பில் வீர்சந்த் காந்தியைப் பயிற்றுவித்து அனுப்பினார். கடற்பயணம் தகாதென்று சமூகத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அவர் அயல்நாட்டில் புலாலுணவை விலக்கித் தம் ஒழுக்கம் காத்தார். 1896-97 இல் இந்தியாவில் பஞ்சம் வந்துற்றபோது, அமெரிக்க மக்களிடம் நிதியும் தானியமும் திரட்டி அனுப்பத் துணை நின்றார். எல்லை கடந்த கால்கள் ஒழுக்கத்தின் எல்லையைக் கடக்கவில்லை.

வலங்கைமான் மண்ணிலேயே மற்றொரு சான்றும் உண்டு. 1869 இல் அவ்வூரில் பிறந்து, கும்பகோணத்தில் கல்வி பயின்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் வைதிக நெறியினர். நற்குணம் எவரிடத்துக் காணினும் உவத்தல் பிரமோத பாவனை ஆதலின், அவரைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. சென்னையில் தலைமையாசிரியராக விளங்கிய அவர், கோகலே 1905 இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907 இல் சேர்ந்தார். தமக்கெனப் பொருளீட்ட முயலாமை அச்சங்கத்தார் ஏற்ற உறுதிகளுள் ஒன்று. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராகப் பணியாற்றியபோது, டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக் கல்விக்காக அங்கு வாழ்ந்த இந்தியரிடம் நிதி திரட்டினார். 1929 இல் திறக்கப்பெற்ற அக்கல்விநிலையம் சாஸ்திரி கல்லூரி என்றே வழங்கலாயிற்று. கையேந்தியவர் தமக்கென ஏந்தவில்லை. எழுந்த கட்டடமோ அவர் தாயகம் திரும்பிய பின்னும் அங்குள்ளோர்க்குப் பயன்பட்டது. தொண்டின் இலக்கணம் இதுவன்றோ!

இனிக் கொடையின் இலக்கணம் காண்போம். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆச்சாரியார், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், கொள்வோன் ஆகிய நான்கின் தகுதியால் தானத்தின் பயன் வேறுபடும் என்று வகுத்தார். மாற்சரியத்தோடு கொடுத்தலும், காலம் தாழ்த்திக் கொடுத்தலும் விரதத்திற்குக் குற்றம் என்பதும் அவர் காட்டிய நெறியே. 'அடுத்த வீட்டான் நூறு எழுதினான், நான் இருநூறு எழுதுவேன்' என்று குறிப்பேட்டைப் பார்த்துக் கொடுப்பது தானமாகாது. அது மானக் கஷாயத்திற்கு இடும் எரு.

நான்கனுள் கொள்வோன் தகுதியே இங்கு நுணுகி நோக்கத்தக்கது. அம்மாணவி கொள்வோள் அல்லள். அவள் நம் கொடை செல்லும் வாய்க்கால். வயல் அப்பால் இருக்கிறது. வாய்க்கால் தூயதாயினும் நீர் எவ்வயலிற் பாய்கிறது என்று காவிரிப் படுகை உழவன் பாராதிருப்பானா?

சில நாடுகளில், தொண்டரையும் அவர்தம் பணத்தையும் ஈர்க்கும் பொருட்டே, பெற்றோர் உள்ள குழந்தைகளையும் பிரித்து அனாதை இல்லங்களில் வைக்கும் கொடுமை வெளிப்பட்டுள்ளது. 2018 இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றிய காலத்தில் இக்கொடுமையும் ஆராயப்பட்டது. 2019 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குழந்தை உரிமை பற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லச் சுற்றுலாத் தொண்டினால் விளையும் தீங்கைக் குறித்து எச்சரித்தது. சில வாரம் அன்பு காட்டிப் பிரிவோர் அடுத்தடுத்து வந்து போவதால், குழந்தையுள்ளம் மீண்டும் மீண்டும் பிரிவுத் துயர் எய்துகிறது. அன்பு செய்யப் போய் ஹிம்சை செய்து திரும்பலாகுமா? அறியாமையால் நேர்ந்தது என்று கூறினும், ஆராயாமையாகிய பிரமாதம் நம்மைச் சாராதோ?

எனவே அக்குழந்தையிடம் மூன்று வினாக்களைக் கேட்டுவரச் சொன்னேன். அவ்வில்லத்துக் குழந்தைகளுக்குப் பெற்றோர் உளரா? செலுத்தும் தொகையில் எவ்வளவு குழந்தைகளைச் சேரும்? உன்னால் மட்டும் இயலும் பணி அங்கு யாது? ஏற்பாட்டாளர்க்குக் கடிதம் எழுதினாள். முதலிரண்டு வினாக்களுக்கு விடை வரவில்லை. எந்நாளில் பணம் செலுத்துவீர் என்ற வினாவே வந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, எழுதிய தொகையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு காரியத்திற்கென்று பெற்றதை வேறொன்றிற்குச் செலவிடலாகாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கள்ளாமை என்னும் அணுவிரதம் அவளிடத்தில் இயல்பாகவே விளங்கிற்று. முதலில் வினவிய பெரியவர் அன்று ஒன்றும் கொடுத்திலர். இன்று அவரே அவளை அழைத்து, "நீ போகத் தகுந்த இடம் கிடைக்கும்போது என்னிடம் முதலில் வா, அம்மா" என்றார். அதுவரை அவள் வாய்க்காலோரத்துப் பள்ளியில் மாலைதோறும் பாடம் சொல்லி வருகிறாள். அவள் முயற்சியை நிறுத்தவுமில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொண்டர் திட்டம் போன்று, தொண்டரிடம் கட்டணம் பெறாது வாழ்க்கைப்படி தந்து அழைக்கும் வாயில்களும் உள என்பதை அறிந்து, அதற்குரிய தகுதியை வளர்த்து வருகிறாள்.

அன்பர்களே! இளையோர் கையேந்தி வரும்போது கதவடைத்தலும் குற்றம். கண்ணடைத்துக் கொடுத்தலும் குற்றம். வினவுங்கள், பரிவோடு வினவுங்கள். தகுதி கண்டால் காலம் தாழ்த்தாது கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். ஞானதானமும் அபயதானமும் எத்திசையில் நிகழினும், அவற்றின் தொடக்கம் ஆராய்ந்து தெளிந்த நல்லுள்ளமே.

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக!