காத்திருப்பதும் கடலோடும் திறமையே

வங்கக் கடல் சீறும் காலம் நவம்பர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ கப்பல், செப்பனிடத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த இளைஞர் ராபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாகக் கழித்தார். பெருங்கப்பலுக்கே இந்த நிலை என்றால், தீவுக் கரைகளைச் சுற்றும் சிறு பாய்ப்படகுக்குப் பருவமறிதலே முதற்காப்பு. தென்மேற்குக் காற்று வலுக்கும்போது மேற்குக்கரை மீனவர் பலர் கிழக்கே வாடி அமைப்பதும், வாடைக்காற்று தொடங்குமுன் ஊர் திரும்புவதும் இந்த அறிவால்தான். செயற்கைக்கோள் முன்னறிவிப்பு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். முன்னறிவிப்பு காற்றின் வேகத்தைச் சொல்லும்; புறப்படும் ஆசையை அடக்கி நங்கூரத்தில் நிற்கும் உறுதியை மனிதர்தான் வளர்க்க வேண்டும். அதைக் கோழைத்தனம் என்போர், கரைசேர்வதும் பயணத்தின் பாதி என்பதை மறக்கிறார்கள்.