திறப்பு யார் கையில்?

முகம் பார்த்துப் பேசுவதற்கென்று நாம் இன்று நுழைகின்ற அறைகள் பெரும்பாலும் பிறர் வீட்டு அறைகளே. கனடாவிலும் பாரிசிலும் வாழும் பிள்ளைகள் தாயோடு ஒன்றாகக் கூடிப் பேசும்போது, அக்குரல்கள் ஏதோவொரு கம்பனியின் கணனிக்கூடாகவே வந்து சேருகின்றன. 2019 டிசம்பரில் சூம் கூட்டங்களில் நாளொன்றுக்குப் பங்குபற்றியோர் தொகை ஏறக்குறைய ஒரு கோடி. பெருந்தொற்றுக் காலமான 2020 ஏப்ரலில் அது 30 கோடியைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அக்கம்பனிமீது குற்றஞ்சாட்டியது. பேசுவோரைத் தவிர எவரும் கேட்கமுடியாதபடி பேச்சைப் பூட்டியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, பூட்டின் திறப்பைக் கம்பனி தன்னிடம் வைத்திருந்தது என்பதே குற்றச்சாட்டு. அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தகைய பூட்டைச் சூம் உண்மையாகவே வழங்கத் தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைக் கேட்ட சிலர், "பிறர் வீடு எதற்கு? நாமே ஒரு வீடு கட்டுவோம்" என்கிறார்கள். கட்டலாம். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவராயிருந்த எமில் இவோவ் 2003இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்ததே ஜிட்சி என்னும் மென்பொருள். அதற்கு விலை இல்லை. லினக்ஸ் இயங்கும் கணனி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, அதற்கு ஒரு முகவரிப் பெயர் வாங்கி, லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழையும் பெற்றுவிட்டால், விபரமறிந்த இளைஞன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் வேலையை முடித்துவிடுவான். 10000 ஆம் இலக்க வாசலைத் திறக்க மறந்தானாயின் வேடிக்கையைப் பாருங்கள்: இருவர் பேசும்வரை யாவும் ஒழுங்காயிருக்கும், மூன்றாமவர் வந்ததும் படமும் குரலும் நின்றுவிடும்.

ஏனெனில் இருவர் பேசும்போது அவர்களின் கருவிகள் இயன்றவரை நேரடியாகவே தொடுத்துக்கொள்கின்றன. மூவரானால் பேச்சு முழுவதும் நடுவிலுள்ள கணனிக்குச் செல்கிறது. அங்கே பூட்டு ஒருகணம் திறக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் வேறாக மீண்டும் பூட்டப்படுகிறது. நம் கேள்வி பிறப்பது இங்கேதான். கம்பனியிடமிருந்த திறப்பு இப்போது உங்கள் மருமகனிடம் வந்திருக்கிறது! கம்பனிக்கு உங்கள் ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. மருமகனுக்கோ அது எந்த வீட்டுக் கலியாணப் பேச்சு, யாருடைய கடன், யாருடைய நோய் என்பதெல்லாம் தெரியும்.

அவர் நல்லவர்தான். "என்னால் கேட்க முடியும், ஆனால் கேட்கமாட்டேன்" என்கிறார். இது போதுமா?

முன்னாளில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவருக்கும் இவ்வாறே கேட்க முடிந்தது. ஆனால் பேசுவோர் அதை அறிந்திருந்தார்கள். அறிந்தே அளந்து பேசினார்கள். இன்று அறைக்குள் வருகின்ற பெரியம்மாவுக்கு அது தெரியாது. ஆகவே வீட்டுக்காரரின் முதற்கடமை அவருக்கு அதைச் சொல்லிவிடுவது. சொல்லாத நல்லவரைவிடச் சொல்லிய சாதாரணமானவர் மேல் என்பேன்.

சக்தியிருந்தும் அதைப் பயன்படுத்தாமலிருப்பதே உயர்ந்த ஒழுக்கம் என்று சிலர் வாதிப்பர். தன் பொருளைப் பொறுத்தவரை அது சரி. பிறருடைய இரகசியங்களை வைத்து நம் மனவுறுதியைச் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை ஏது? மேலும், புதுப்பிக்காமல் விட்ட கணனிக்குள் கள்வன் நுழைந்தால் வீட்டுக்காரரின் நேர்மை அவனைத் தடுக்கப்போவதில்லை. எனவே கூடியமட்டும் திறப்பையே கைவிடுவது நல்லது. ஜிட்சியில் அதற்கும் வழியுண்டு. பேசுவோரின் கருவிகளிலேயே பூட்டித் திறக்கும் முறை அது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சாதாரணத் தொலைபேசியிலிருந்து எவரும் கலந்துகொள்ள முடியாது; அதற்கேற்ற வசதியில்லாத உலாவி வைத்திருப்பவரும் வெளியே நிற்கவேண்டியதுதான். பாட்டியின் குரல் பெரிதா, பேச்சின் மறைவு பெரிதா? இதைத் தீர்மானிக்கவேண்டியவர்கள் பேசுகின்ற குடும்பத்தாரே, கணனியைப் பராமரிப்பவரல்லர்.

இப்படிப் பூட்டினாலும், எந்த அறைக்கு எந்த இணைய முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு ஒருவர் வந்தார் என்ற குறிப்பு அக்கணனியின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. அதை எத்தனை நாளுக்கு வைத்திருக்கிறார் என்று மருமகனிடம் கேட்டுவையுங்கள்.