நலம் என்று ஒரு சொல்

'இவ்விடம் அனைவரும் நலம்; அவ்விடம் நலத்துக்கு எழுதவும்' என்று தொடங்காத கடிதத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதியதில்லை. வீட்டில் ஒருவர் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பார். அந்தச் செய்தி அடுத்த வரியிலேயே வரும். ஆனாலும் முதல் வரியில் அனைவரும் நலந்தான்! இதைப் பொய் என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. விஷயத்தைச் சொல்லுமுன் ஒரு கும்பிடு போடுகிறார்கள், அவ்வளவுதான்.

எழுதுகிறவன் கடல் கடந்து போர்முனையில் இருக்கிறான் என்றால்? அப்போது அந்தச் சொல் வெறும் கும்பிடாக நின்றுவிடுவதில்லை. நலமாக இல்லாதவன் தன் தாய்க்கு 'நலம்' என்று எழுதலாமா? என்னைப் பல நாள் சுற்றிவந்த கேள்வி இது.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் இராணுவம் இந்தச் சங்கடத்தை ஓர் அட்டையால் தீர்த்துவைத்தது. சிப்பாய்களுக்கு ஒரு தபால் அட்டை கொடுத்தார்கள். நான் நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது, வெகு நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை என்பன போன்ற வாக்கியங்கள் அதில் அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் அட்டை கிழித்தெறியப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. பயமாக இருக்கிறது என்பதற்கு அதில் வரி கிடையாது. ஆனாலும் அந்த அட்டை வந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்கும். மகன் கையெழுத்துப் போடும் நிலையிலாவது இருந்தான் என்பது ஒரு தாய்க்குச் சின்ன விஷயமா?

அதே யுத்தத்துக்கு 1914 செப்டம்பரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். பஞ்சாபிலிருந்தும் கார்வால் மலைகளிலிருந்தும் போன விவசாயிகள் அவர்களில் ஏராளம். பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழன் ஒருவனிடம் சொல்லி எழுதச் சொன்னார்கள். ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நடுவிலே தணிக்கை அதிகாரிகள். ஒரு மனிதன் தன் மனைவிக்கு அனுப்பும் சொல்லைக் குறைந்தது மூன்று அந்நியர்கள் கேட்டுவிடுகிறார்கள்! இந்த நிலையில் மனத்தைத் திறந்து எழுதுவது எப்படி?

ஆனாலும் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்கிற பாவனையில் சிலர் எழுதினார்கள். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கை அதிகாரிகள் அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்துத் தங்கள் அறிக்கைகளில் சேர்த்துவைத்தார்கள். அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. பட்டாளத்தில் சேராதே என்று ஊரிலிருக்கும் உறவினனைத் தடுத்த கடிதங்களும் அவற்றில் உண்டு.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். கடிதம் பிறர் கையில் சிக்கும் என்று தெரிந்தும் ஒருவன் ஏன் இந்தத் துணிச்சலை மேற்கொள்ள வேண்டும்? தம்பி ஒருவன் பட்டாளத்தில் பெயர் கொடுக்கக் காத்திருக்கிறான். அவனுக்கு 'நலம்' என்று மட்டும் எழுதினால் அது கும்பிடு அல்ல, குழி.

இன்னொரு மகனைப் பார்ப்போம். யுத்தத்தின் கோரத்தைக் கவிதையில் மறைக்காமல் எழுதிய ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவன். 1917 ஜனவரியில் போர்முனையில் தாம் பட்ட நரக வேதனையை, உன்னை ஏமாற்றக் காரணமில்லை என்ற பீடிகையோடு தாய்க்கு விவரமாக எழுதினார். அதே மகன் 1918 அக்டோபர் 31 அன்று, புகை சூழ்ந்த ஒரு நிலவறையிலிருந்து எழுதிய கடிதத்தில் வேறு மாதிரிப் பேசுகிறார். இங்கே ஆபத்தில்லை, இருந்தாலும் நீ படிக்கும் நேரத்தில் அது கடந்துபோயிருக்கும் என்பது அதன் சாரம். நான்கு நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில் அவர் இறந்தார். யுத்தம் முடிந்ததென்று மணிகள் ஒலித்த நவம்பர் 11 அன்று தந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மகன் தாயை ஏமாற்றினாரா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கால்வாய்க் கரையில் நடக்கவிருந்ததைத் தடுக்கத் தாயால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அவருக்கு வேண்டியது சில நாள் தூக்கம். மகன் அதைக் கொடுத்தார்.

இதெல்லாம் கடிதக் காலத்துக் கவலை, இப்போதுதான் முகம் பார்த்தே பேசலாமே என்று சிலர் கேட்கலாம். கருவி மாறிவிட்டது, கேள்வி மாறவில்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த அமெரிக்கப் படைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிரிவில் யாராவது இறந்தால், அந்தக் குடும்பத்துக்கு முறையாகச் சொல்லி முடிக்கும் வரை, முகாமிலிருந்து போகும் தொலைபேசி, இணையம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். செய்தி தாறுமாறாகப் போய்ச் சேரக் கூடாதென்ற நல்ல எண்ணந்தான். ஆனால் விளைவு என்ன? தினம் பேசிப் பழகிய குடும்பங்களுக்கு மௌனமே செய்தியாகிவிட்டது. யாரோ ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படப் போகிறது என்பது அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி. கணவர் தென் சூடானில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்தார். அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே இரவு பத்து. அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். ஒரு சமயம் அவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார். "அவன்கிட்டே சொல்லாதே, கவலைப்படுவான்" என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகளும் பத்து மணியானால் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கட்டில் தெரியக் கூடாதல்லவா? அம்மா எங்கே என்றால், தூங்கிவிட்டார்கள் என்று பதில்.

ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள்: "சொன்னா அங்கே அவருக்குத் தூக்கம் வராது, அண்ணா. சொல்லாம விட்டு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஏன் மறைச்சேன்னு கேட்பாரே?"

இதைவிட நன்றாக அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க முடியாது. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் இடமுண்டு என்று வள்ளுவர் வழிவிட்டிருக்கிறார். ஆனால் எது நன்மை என்று தீர்மானிப்பது யார்? சொல்கிறவரா, கேட்கிறவரா?

பொய்யைத் தொழிலாகக் கொண்ட கதைக்காரன் நான். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். நாம் மறைக்கும் செய்தியைக் கேட்டு அவர் துடிப்பார் என்பது மட்டுமே மிச்சமானால், மறைப்பதில் பாவமில்லை. அதைக் கேட்டு அவர் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று இருக்குமானால், மறைக்க நமக்கு உரிமையில்லை. ஓவனின் தாய் முடிவுசெய்ய ஒன்றுமில்லை. பெயர் கொடுக்கக் காத்திருந்த தம்பிக்கு ஒரு முடிவு இருந்தது. விடுப்புக் கேட்பதா, வேண்டாமா என்பது இந்த மகனுடைய முடிவு. அதைத் தாயும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொள்வது அன்புதான். ஆனாலும் பிறர் பொருளை எடுத்துக்கொள்கிற அன்பு.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அவர் லீவு கேட்க வழியிருக்கிறதா, அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். அன்று இரவு நாற்காலியைத் திருப்பவில்லையாம். போனைக் கட்டிலருகே கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்துவிட்டாளாம். விடுப்பு உடனே கிடைக்கவில்லை; ஐந்து வாரமாயிற்று. அந்த ஐந்து வாரமும் தினம் பத்து மணிக்கு, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று மகன் கேட்டார். வலிக்கிறதென்று தாய் சொன்னார். அங்கே அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். அது மெய்தான். ஆனால் தாயின் வலியில் தமக்குரிய பங்கு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.