நோயாளிக்காக நாம் பதில் சொல்லலாமா?



நாம் ஓதியது ஊர் மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளி மட்டும். கிள்ளானில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறோம். வைத்திய விஷயத்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், நோயாளியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதும், மலாய் அறியாதவருக்காக டாக்டரிடம் பேசுவதும் நம் போன்ற கடைக்காரர்கள் அடிக்கடி செய்யும் காரியம். அந்தப் பேச்சில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம் கடையில் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். வயது முப்பதைத் தாண்டியவர். அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கி அடுக்குவார். கணக்கில் ஒரு காசு பிசகாது. சில வருஷங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில், நெஞ்சு எரிகிறது, தலை கனக்கிறது, கை கால் அசந்து போகிறது என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்துத் தெருக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மலாய்ப் பெண்மணி. தம்பிக்குத் தமிழ் ஒன்றுதான் தெரியும். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அதைத் தம்பியிடம் கேட்டு ஒழுங்காகவே சொன்னோம். பிறகு, தூக்கம் வருகிறதா, 'சூசா ஹாத்தி' ஏதும் உண்டா, அதாவது மனக்கவலை உண்டா என்று கேட்டார். நாம் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. "தாக் அடா, டாக்டர்" என்று நாமே பதில் சொல்லிவிட்டோம். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள்; வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். இப்படியே மூன்று தடவை.

பொய் சொல்ல வேண்டும் என்ற நிய்யத் அப்போது நமக்கு இல்லை. ஆயினும் ஏன் அப்படிச் சொன்னோம் என்று பின்னால் யோசித்தபோது, இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று பர்மிட். வெளிநாட்டுத் தொழிலாளருக்குச் செய்யும் உடற்பரிசோதனையில் மனோவியாதியும் பார்க்கப்படுகிறது. அப்படி ஒரு சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் ஆள் ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். கட்டிய லெவியும் போகும். கடைக்கும் கை ஒடிந்தாற்போல ஆகும். மற்றது சொல்லக் கூசுவது. அந்த நோன்பு மாதத்தில் தம்பியின் தாயார் ஊரில் வபாத்தானார்கள். ஊருக்குப் போக லீவு கேட்டார். "மௌத்து காரியத்துக்குப் பணம் அனுப்பு, நாம் தருகிறோம், பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்றோம். பெருநாள் முடிந்தபின் அவரும் கேட்கவில்லை, நாமும் பேசவில்லை. ஆகவே டாக்டரின் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்திருந்தால், அதில் நம் பேரும் வந்திருக்கும்.

மனோவியாதி என்றால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 1911ல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு 1971ல் ஹாஸ்பிட்டல் பஹாகியா என்று பெயர் மாற்றியும், 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பேரே இன்னும் வசைச்சொல்லாக இருக்கிறது. ஆனால் கிளினிக் வாசலுக்கு வரும் மனச்சோர்வு பெரும்பாலும் வயிற்றெரிச்சலாகவும் இடுப்பு வலியாகவும்தான் வருகிறது. பெங்களூர் உட்பட 14 நாடுகளின் கிளினிக்குகளில் மனச்சோர்வு கண்ட 1146 பேரை வைத்து எழுதிய ஆராய்ச்சி ஒன்று 1999ல் வெளிவந்தது. அவர்களில் 69 சதவிகிதம் பேர் உடம்பு உபாதையை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தவர்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் என்று ஒருவர் இல்லாத இடங்களில் இது இன்னும் அதிகம். ஆனால் மனதைப் பற்றி நேராகக் கேட்டபோதும் இல்லை என்று மறுத்தவர்கள் 11 சதவிகிதமே. கேட்டால் சொல்லிவிடுகிறார்கள், சகோதரர்களே! அந்தக் கேள்வி அவர்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். நம் தம்பியின் காதில் அதை விழாமல் தடுத்தது நாம்.

மலேசிய அரசாங்கத்தின் 2023ஆம் வருஷத்து ஆய்வின்படி இந்நாட்டில் சுமார் 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. 2019ல் 2.3 சதவிகிதமாக இருந்தது 4.6 ஆகிவிட்டது. இதைக் கண்டுகொள்ளக் கிளினிக்குகளில் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பவை முதல் இரண்டு. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது கடைசி. அந்தக் கடைசிக் கேள்வியை முதலாளி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால், தொழிலாளி என்ன பதில் சொல்வார்? கணவர் மொழிபெயர்த்தால் மனைவிதான் என்ன சொல்வார்? பிரிக்பீல்ட்ஸில் நமக்குத் தெரிந்த ஒருவர், தம் வீட்டம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்பதைக்கூடத் தாமே சொல்வார்.

ஈமான் உள்ளவனுக்கு மனோவியாதி வருமா என்று கேட்பவரும் உண்டு. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைந்து அழுதழுது கண் வெளுத்துப் போனதை ஓதியவர்கள் இப்படிக் கேட்கலாகாது. கி.பி. 934ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் உடம்பிலிருந்தே எழும் துக்கம் வேறு என்று அன்றே பிரித்து எழுதினார். துஆ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, நம்மில் பலருடைய சொந்த ஜில்லாவிலுள்ள ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் குறையைத் தங்கள் வாயால் ஒரு டாக்டரிடம் சொல்லியிருப்பார்கள்? அவர்களுக்காகப் பேசியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களாகவே இருந்திருப்பார்கள்.

மறைக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் மறைக்கச் சொன்னால் அது அவருடைய இரகசியம், நம்மிடம் அமானத். ஆனால் அவரைக் கேட்காமலே நாம் மறைப்பது அமானத் ஆகாது. அப்படியானால், சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்துவிட்டால் போதுமா? போதாது என்பதே நம் அபிப்பிராயம். யாரால் ஒருவருக்குத் துயரம் வந்ததோ, அவர் அந்த அறையில் இருக்கும்வரை எந்த மொழியிலும் உண்மை வெளிவராது.

நான்காம் தடவை போனபோது வேறு டாக்டர், தமிழ் பேசுகிறவர். "பாய், நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார். நமக்குக் கோபம்கூட வந்தது. பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி கண் சிவந்து வெளியே வந்தார். பெரிய ஆஸ்பத்திரி மனநல வைத்தியருக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். காரில், "தம்பி, என்ன சொன்னீங்க?" என்று கேட்டோம்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன், முதலாளி" என்றார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை.

மருந்து பிடித்துத் தூக்கம் வந்தபின், டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினோம். தாயாரின் கப்ரை ஜியாரத் செய்துவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பர்மிட்டைப் பற்றிய பயம் நமக்கு இன்னும் போகவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இப்போதும் தவணை நாளில் நாமே அவரைக் காரில் கொண்டுபோய் விடுகிறோம். உள்ளே அவர் போகிறார். நாம் பெஞ்சில் உட்கார்ந்து கொள்கிறோம்.