விளங்கும் சொல்

கூரம் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. அதில் அரசனின் புகழ் வடமொழியில்; நிலக்கொடையும் பாலாற்று வாய்க்காலும் பற்றிய விவரம் தமிழில். புகழுரை புரியாவிட்டால் நட்டமில்லை. வாய்க்கால் விவரம் புரியாவிட்டால் ஊரில் வழக்கு வரும்.

சொல் விளங்காமல் வரும் வழக்கு இன்றும் உண்டு. அலுவலகத்தில் வரும் செய்திக்குப் பதிலாக ‘நோட்டட்’, ‘அண்டர்ஸ்டுட்’, ‘அக்ரீட்’ மூன்றையும் ஒன்றாகவே நினைத்து எழுதுகிறோம். முதலாவது, கண்ணில் பட்டது. இரண்டாவது, மனத்தில் பதிந்தது. மூன்றாவது, கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

சொற்கள் நெருக்கமாக இருக்கலாம். அவை தரும் வாக்குறுதிகள் நெருக்கமானவை அல்ல. உயர்ந்த சொல் எது என்று தேடுபவர் பேசத் தெரிந்தவர். எதிரே இருப்பவருக்கு விளங்கும் சொல் எது என்று தேடுபவரே சொல்லத் தெரிந்தவர்.