தந்தை பட்ட கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பிறரிடம் வாங்கிய பணமும் கடன். பிறருக்கு நாம் செய்தாக வேண்டியதும் கடன். சார்ல்ஸ் டிக்கன்ஸ் நம் சொல்லை அறிந்திருக்க நியாயமில்லை. எனினும் அவருடைய ‘லிட்டில் டாரிட்’ என்னும் பெருநாவலில் இவ்விரு கடன்களும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கின்றன. தந்தை பணக்கடனுக்காகச் சிறையில் இருக்கிறார். மகள் தந்தைக்குரிய கடனைச் செலுத்திச் செலுத்தியே தேய்கிறாள். உலகம் அவளைப் பாராட்டுகிறது. படிக்கும் நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அவள் செய்தது முழுவதும் சரிதானா?

1855 டிசம்பர் முதல் 1857 ஜூன் வரை மாதப் பகுதிகளாக வெளிவந்த கதை இது. லண்டனின் சதர்க் பகுதியில் இருந்த மார்ஷல்சீ கடன் சிறைதான் கதையின் நெஞ்சம். வாங்கியதைத் திருப்பித் தர இயலாதவரை அங்கே அடைத்து வைப்பார்கள். மனைவி மக்கள் உடன் தங்கலாம். பகலில் வெளியே சென்று வரலாம். இரவில் வாயிற்கதவு மூடப்படும். கடனாளி மட்டும் வெளியேற முடியாது. உழைக்க வழியில்லாதவன் கடனை எப்படி அடைப்பான் என்று அந்தச் சட்டம் கேட்டுக்கொள்ளவே இல்லை! வில்லியம் டாரிட் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்துவிட்டார். அனைவரிலும் மூத்த கைதியானதால் ‘மார்ஷல்சீயின் தந்தை’ என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. விடுதலையாகிச் செல்வோர் அவர் கையில் சில நாணயங்களை வைத்துவிட்டுப் போவார்கள். அது பிச்சை அல்ல, தம் தகுதிக்கு வந்த காணிக்கை என்று அவர் எண்ணிக்கொள்வார்.

அவருடைய கடைசி மகள் ஏமி அந்தச் சிறைக்குள்ளேயே பிறந்தவள். எட்டு வயதில் தாயை இழந்தாள். கைதியாக வந்த ஒரு நடன ஆசிரியரைப் பிடித்து அக்காளுக்கு நடனம் கற்பித்தாள். கைதியாக வந்த ஒரு பெண்ணிடம் தான் தையல் கற்றாள். வளர்ந்தபின் திருமதி கிளென்னம் என்னும் முதியவள் வீட்டில் ஊசி வேலை செய்து, அங்கே தனக்குத் தரும் உணவை உண்ணாமல் எடுத்துவந்து தந்தைக்குப் பரிமாறுகிறாள். தம் பெண்கள் கூலிக்கு உழைக்கிறார்கள் என்பது தந்தைக்குத் தெரியாது என்பதாக வீட்டில் ஓர் ஏற்பாடு. அவரும் அது தமக்குத் தெரியாது என்பதாகவே நடந்துகொள்கிறார். தட்டில் வந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் அவர் கேட்பதில்லை.

இந்த நாடகம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் காட்டும் ஒரு காட்சி நாவலில் உண்டு. சிறைக் காவலரின் மகன் ஜான் சிவரி ஏமியை விரும்புகிறான். அவள் பணிவாக மறுத்துவிடுகிறாள். அதன் பிறகு காவலர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தந்தைக்கு அச்சம். காவலரின் தயவு குறைந்தால் தம் சிறிய சுகங்கள் போய்விடுமே! ஓர் இரவு மகளிடம் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறார். முன்பு ஒரு காவலரின் தம்பி இங்கிருந்த ஒருவரின் சகோதரியை விரும்பினானாம். சகோதரனின் நலத்துக்காக அந்தப் பெண் அவனை வெறுக்காதது போல் காட்டிக்கொள்ளலாகாதா என்ற பேச்சு எழுந்ததாம். கதையை முடிக்க அவரால் இயலவில்லை. என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்கே விளங்கி, குரல் உடைந்து அழுகிறார். மகள் ஒரு சொல்லும் குறை சொல்லாமல் தேற்றுகிறாள். அவர் உறங்கும் வரை அருகில் இருக்கிறாள். பெற்ற மகளைத் தம் வசதிக்கு விலை பேசத் துணிந்த ஒரு தந்தையை இவ்வளவு இரக்கத்தோடு எழுதிய வேறு காட்சி எதையும் நாம் படித்ததில்லை.

உணவு தந்தது அவள் கடன். நோயில் பார்த்துக்கொண்டதும், அவமானத்தில் அருகில் நின்றதும் கடனே. ஆனால் பொய்யைக் காத்தது? உண்மை தெரியாதவர் போல் இருக்க அவரை அனுமதித்ததால்தான் தந்தை இந்த இரவின் பள்ளம் வரை இறங்க முடிந்தது என்று நாம் கருதுகிறோம். ஏமியும் அந்தச் சிறையின் காற்றைச் சுவாசித்தவள்தான். பெருஞ்சொத்து ஒன்று தந்தைக்கு வந்து சேர்ந்தபோது, பழைய கடன்களையெல்லாம் அடைக்கத்தான் வேண்டுமா என்று அவள் வருந்துகிறாள். இத்தனை ஆண்டு வாழ்வையும் கொடுத்துவிட்டுப் பணத்தையும் கொடுப்பது கொடுமை அல்லவா என்பது அவள் எண்ணம். அவளை நேசிக்கும் ஆர்தர் கிளென்னம் அதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார். சிறை அவள்மீது விட்டுச்சென்ற ஒரே கறை அதுவே என்று நினைக்கிறார். டிக்கன்ஸ் தம் நாயகியிடம் காட்டிய இந்த நேர்மையை எத்தனை வாசகர்கள் கவனிக்கிறார்களோ!

செல்வம் வந்த நாளில் குடும்பம் ஊர்வலமாகச் சிறையை விட்டு வெளியேறியது. பழைய ஆடையிலேயே மயங்கிக் கிடந்த ஏமியை எல்லோரும் மறந்துபோனார்கள். பின்னர் வெனிஸ் நகரில் தந்தை அவளைக் கடிந்துகொள்கிறார்: என் மக்களுள் நீ ஒருத்திதான் கழிந்ததை நினைவூட்டுகிறாய் என்று. ஆனால் அவரால் மறக்க முடிந்ததா? ரோமில் நடந்த ஒரு பெரும் விருந்தில் அவருடைய அறிவு கலங்கியது. செல்வச் சீமாட்டிகளின் முன்னே எழுந்து நின்று, மார்ஷல்சீக்குப் புதிதாக வந்த கைதிகளை வரவேற்பது போல் பேசத் தொடங்கிவிட்டார். அப்போது வெட்கப்படாமல் அவர் பக்கத்தில் நின்றவள் ஏமி. சாகும் தறுவாயில் தம் கடிகாரத்தை அடகு வைத்து வரச் சொல்கிறார். அவளும் அவ்வாறே செய்வதாகக் காட்டிக்கொள்கிறாள். இந்தப் பொய்யை நாம் குறை சொல்லமாட்டோம். திருந்துவதற்கு நாள் உள்ளவரிடம் சொல்லும் பொய் வேறு, இதோ போகப்போகிறவரிடம் சொல்லும் பொய் வேறு.

டிக்கன்ஸ் இதையெல்லாம் வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1824-இல் அவருடைய தந்தை ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக இதே மார்ஷல்சீயில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ், காலணிக்குப் பூசும் கறுப்பு மை செய்யும் தொழிலகத்தில் வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்குப் புட்டிகளில் சீட்டு ஒட்டினார். தந்தை விடுதலையான பின்னும் மகன் அந்த வேலைக்கே திரும்ப வேண்டும் என்று தாய் விரும்பினார். அதை அவர் மறக்கவே இல்லை. ஆயினும் தம் வாழ்நாளில் இதை அவர் ஊரறியச் சொன்னதில்லை. அவர் மறைந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றின் வழியாகத்தான் உலகம் அறிந்தது. பெற்றோர் குறையை மூடி வைத்த ஏமியின் கை அவருக்கும் இருந்தது. ஆனால் அதே கைதான் வில்லியம் டாரிட்டையும் எழுதியது.

நாவலின் மற்றொரு பிள்ளையான ஆர்தர் கிளென்னம் வேறுவகை. தந்தை இறந்தபின் சீனத்திலிருந்து திரும்பியதும் திருமதி கிளென்னமிடம், அதாவது தம் தாயிடம், நேராகக் கேட்கிறார்: நம் குடும்பம் யாருக்காவது தீங்கிழைத்ததா, ஈடு செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா? மீண்டும் அந்தப் பேச்சை எடுத்தால் மகனே அல்ல என்று தள்ளிவிடுவதாக அவள் மிரட்டுகிறாள். அவள் எப்போதும் வேதம் படிப்பவள். தன் வன்மத்துக்கெல்லாம் இறைவனின் சினத்தை முத்திரையாகக் குத்திக்கொள்பவள். பிள்ளை பெற்றோரைக் கேள்வி கேட்கலாமா என்று நம்மில் பலர் தயங்குவோம். ஆர்தர் கேட்டது அவமதிப்பு அல்ல. தந்தையின் பெயரில் நிற்கும் கடனைத் தீர்க்க விரும்பியது. அதைவிடப் பெரிய மரியாதை எது?

உண்மை கொடியது. அவள் ஆர்தரைப் பெற்றவள் அல்லள். கணவர் முன்பு நேசித்த ஒரு பாடகியின் குழந்தையைப் பறித்து, தண்டனை போல் வளர்த்தவள். ஏமிக்குச் சேரவேண்டிய ஆயிரம் கினி பணத்தையும் மறைத்து வைத்தவள். இறுதியில் ஏமியின் காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். தான் உயிரோடு இருக்கும் வரை மகனுக்குச் சொல்லவேண்டாம் என்று வேண்டுகிறாள். ஏமி வாக்களிக்கிறாள். தன் பணத்தை விட்டுக்கொடுத்தது அவள் உரிமை. ஆனால் ஆர்தரின் தாய் யார் என்பது அவள் சொத்து அல்லவே! வாழ்நாளெல்லாம் அவர் தேடிய விடை அதுதானே! இங்கே நம் மனம் ஒப்பவில்லை.

மண நாளன்று மடித்த ஒரு தாளை அவர் கையில் கொடுத்து, இதை எரித்துவிடுங்கள் என்கிறாள். மந்திரத் தகடா என்று வேடிக்கையாகக் கேட்கிறார் ஆர்தர். உங்களுக்குப் பிடித்தபடி நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவர் அதைப் பிரிக்காமலே நெருப்பில் இடுகிறார்.